ஒரே வீட்டுக்கு இரண்டு முகவரி

புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒரு கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். குடும்ப நல வழக்குகளை எடுக்கத் தொடங்கினால் வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்பார்கள். "நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம். சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல. இதுக்கு வக்கீல் வேணுமா?" கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்பார்கள். பல் டாக்டர் நம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார். மயிலாப்பூர் தெப்பக்குளத்தோரம் நான் கீரை பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பெண் கேட்டிருக்கிறாள், அதுவும் புருஷனைக் கூடவே வைத்துக்கொண்டு.

நேர்மையான பதில், "கட்டாயம் இல்லை" என்பதுதான். குடும்ப நல நீதிமன்றத்தில் கணவனும் மனைவியும் தாங்களே நின்று பேசலாம். சொல்லப்போனால் அங்கே வக்கீல்தான் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே வர வேண்டியவர். இது சட்டம். ஆனால் முப்பத்துநான்கு வருடத் தொழிலில் இந்தப் பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை. "வக்கீல் இல்லாமப் போனா அலைய விட்டுடுவாங்கம்மா" என்றுதான் சொல்லுவேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி என் பிழைப்பு. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், சொல்வதில் நஷ்டமில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். முட்டி மோதும் வழக்குகளில் நான் அதிகம் தவறு செய்ததில்லை. அங்கே எதிர்த்தரப்பு வக்கீல் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார், அந்தப் பயத்தில் கவனமாக இருப்போம். நீதிபதி முன்னால் நான் தலைகுனிந்து நின்றது ஒரே ஒரு முறை. அது சண்டையே இல்லாத ஒரு வழக்கில்.

லோகநாதன் என்னிடம் கட்சிக்காரராக வரவில்லை, ஏசியைக் கழுவ வந்தார். மாடவீதியை ஒட்டிய சந்தில், முதல் மாடியில் என் ஆபீஸ். வேலையை முடித்து, தரையில் சொட்டிய தண்ணீரைத் துடைத்து, கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் போகாமல் நின்றார்.

"மேடம், ஒன்னு கேக்கலாமா? சண்டையே இல்லாம டைவர்ஸ் வாங்க முடியுமா? அதுக்கும் வக்கீல் வெச்சுத்தான் ஆவணுமா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். எனக்கும் என் சம்சாரத்துக்கும்."

அடுத்த வாரம் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். மகேஸ்வரி தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவர். நாளெல்லாம் நின்று பழகிய கால். உட்கார்ந்ததும் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொண்டார். பேசியது அவர்தான்.

"எங்கம்மா போனப்போ எனக்கு நாலு வயசு மேடம். எங்கப்பாவோட அக்கா, அதான் இவரோட அம்மா, என்னைத் தூக்கினு வந்து கே.கே. நகர்ல வெச்சு வளத்தாங்க. இவரும் நானும் ஒரே தட்டுல சாப்ட்டு வளந்தோம். அப்புறம் அத்தையே எங்களுக்குக் கட்டி வெச்சுட்டாங்க. பன்னெண்டு வருஷம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் அது எங்களுக்கு ஒட்டவே இல்ல. சண்டை போடறதுக்குக்கூட ஒண்ணும் இல்ல."

லோகநாதன் தரையைப் பார்த்தபடி தலையாட்டினார். "ரெண்டு பேருக்கும் நாப்பது ஆவல மேடம். இப்பவாவது ஆளுக்கொரு வழி பாத்துக்கலாம்னு."

எனக்கு உள்ளூர சந்தோஷம். குழந்தை இல்லை, கேட்பது இல்லை, கொடுப்பது இல்லை. இரண்டு கையெழுத்து, இரண்டு தடவை கோர்ட்டு, முடிந்தது. அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மகேஸ்வரி சொன்னார்:

"அத்தைக்குத் தெரியக் கூடாது மேடம். பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமா வலது கை, கால் வரல. காலைல நான் குளிப்பாட்டி, கஞ்சி குடுத்துட்டுத்தான் கடைக்குப் போறேன். இது தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க. லெட்டர் எதுவும் போடாதீங்க. போன்ல சொல்லிடுங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன். இந்த வார்த்தையை நீங்களும் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லப்போகிறீர்கள். சொல்லும்போது கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். என் கையில் இல்லை. குமாஸ்தாவிடம் சொல்ல மறந்துபோனேன்.

இனி என் சீனியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடம் ஒன்பது வருடம் இருந்தேன். குறுக்கு விசாரணையில் எப்போது வாயை மூட வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். அழுகிற கட்சிக்காரர் முன்னால் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்பதையும். இவற்றோடு சேர்த்து இரண்டு பழக்கங்களையும் எனக்குக் கொடுத்தார். ஒன்று, கோர்ட்டில் தேதி கிடைத்தவுடன் வழக்குக் கட்டில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிடுவது. பின்னால் யாரும் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. மற்றொன்று, சம்மதத்தோடு பிரியும் வழக்கில் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி முகவரி போடுவது.

ஏன் தனித்தனி? ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருந்தால்தான் அந்த மனுவே போட முடியும். ஒரே வீட்டு முகவரி இருந்தால் நீதிபதி கேள்வி கேட்பார். "பெண்ணுக்கு அப்பா வீட்டு முகவரியைப் போட்டுட்டா, கேள்வி மிச்சம்மா" என்பார் சீனியர். ஆனால், ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான் என்று சட்டம் எப்போதோ தெளிவாகிவிட்டது. எனக்கும் அது தெரியும். தெரிந்தும், ஒரு கேள்வியை மிச்சப்படுத்துவதற்காக இருபது வருடம் பொய் முகவரி எழுதிக்கொண்டிருந்தேன். அதைப் பொய் என்று நான் நினைத்ததுகூட இல்லை. வழக்கம் என்று நினைத்தேன்.

மகேஸ்வரிக்கு அப்பாவும் இல்லை. நங்கநல்லூரில் அண்ணன் இருந்தார். அவர் வீட்டு முகவரியைக் கேட்டு வாங்கி, அங்கேதான் மகேஸ்வரி ஒன்றரை வருடமாக வசிக்கிறார் என்று எழுதினேன். "நான் அங்க இல்லியே மேடம்" என்றார். "அது ஃபார்மாலிட்டிம்மா" என்றேன். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

தேதி கிடைத்த அன்று லோகநாதன் ஆபீசில்தான் இருந்தார். அவரிடம் நேரிலேயே சொல்லியாகிவிட்டது. என் குமாஸ்தா கடமை தவறாதவர், மனைவி தரப்புக்கு மனுவின் நகலோடு பதிவுத் தபால் தட்டிவிட்டார், நங்கநல்லூருக்கு.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் மகேஸ்வரியின் போன். பின்னால் ஆண் குரல் ஒன்று கத்துவது கேட்டது.

"மேடம், அண்ணன் வந்துகீறாரு. உங்க லெட்டரப் பிரிச்சுப் படிச்சுட்டாரு. நான் அவரு வூட்ல கீறதா எழுதிகீதாம். இவரு என்னைத் தொரத்திட்டுப் பொய்க் கேசு போட்டுட்டாருன்னு சட்டையப் புடிச்சுட்டாரு. அத்தை எல்லாத்தையும் கேட்டுட்டாங்க."

அண்ணன் ஒருவழியாக அடங்கிப் போனார். ஆனால் அன்று மாலையிலிருந்து அத்தை வாயைத் திறக்கவில்லை. பேசுவதற்கும் இல்லை, கஞ்சிக்கும் இல்லை. மறுநாளும் அப்படியே. டாக்டரைக் கூப்பிட்டு வந்து குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். கோர்ட்டு தேதி அதற்கும் மறுநாள்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னிப்புக் கேட்கவில்லை. மகேஸ்வரிக்குப் போன் போட்டு, "ரெண்டு வாரம் அண்ணன் வீட்டுல போய் இரும்மா, கோர்ட்ல கேட்டா அங்கதான் இருக்கேன்னு சொல்லிடலாம்" என்றேன். எழுதிய பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்ற புத்தி.

"அத்தையை யாரு மேடம் குளிப்பாட்டறது?"

அவ்வளவுதான் கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

கோர்ட்டில் எங்கள் முறை வந்தது. நீதிபதி கண்டிப்பானவர், ஆனால் யாரையும் எடுத்தெறிந்து பேச மாட்டார். இருவரையும் பார்த்து, விருப்பப்பட்டுத்தான் வந்தீர்களா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டார். வழக்குக் கட்டை மூடப்போனவர் சட்டென்று, "நீங்க இப்ப எங்கம்மா தங்கியிருக்கீங்க?" என்றார்.

மகேஸ்வரி என்னைப் பார்த்தார். நான் கட்டைப் புரட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். இதை உங்களிடம் சொல்ல இப்போதும் கூசுகிறது.

"கே.கே. நகர்ல சார். இவரோட வீட்டுல. அத்தைக்கு உடம்பு முடியல, நான்தான் பாத்துக்கறேன். நானும் அவங்களும் ரூம்ல, இவரு ஹால்ல."

"நங்கநல்லூர்னு சத்தியப் பிரமாணத்துல கையெழுத்து போட்டிருக்கீங்களே?"

லோகநாதன் முந்திக்கொண்டார். "அது எங்க தப்புதான் சார். படிக்காம போட்டுட்டோம்."

அந்த மனிதர் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். ஏசி கழுவ வந்தவர், வக்கீலைக் காப்பாற்றுகிறார். நீதிபதி என் பக்கம் திரும்பினார். "பொய்ப் பிரமாணம்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும் மேடம். இவங்க பொய் சொன்னதா பதிவு பண்ணட்டுமா?"

இதற்கெல்லாம் எங்கள் தொழிலில் தயாராக ஒரு பதில் உண்டு. டைப்பிஸ்ட் தவறு, பழைய மனுவைப் பார்த்து அடித்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். நானும் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறேன், யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அன்றும் அது நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் மகேஸ்வரி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். வகுப்பில் தவறு செய்யாமலே திட்டு வாங்கும் பிள்ளை மாதிரி நின்றார்.

"இல்ல சார். அந்த அம்மா அங்க இல்லைன்னு எங்கிட்ட சொன்னாங்க. நான்தான் தெரிஞ்சே எழுதினேன்."

எனக்குப் பின்னால் இருபது வக்கீல்கள். அதில் பாதிப் பேர் என் ஜூனியராக இருந்தவர்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இவங்க வக்கீல் வெச்சிக்காம வந்திருந்தா, இந்த மனு ஒழுங்கா இருந்திருக்கும். வாபஸ் வாங்கிட்டு, உண்மையை எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்க." அத்தோடு விட்டார். அது அவர் பெருந்தன்மை. ஆனால் அந்த முதல் வாக்கியம் இன்றும் காதில் இருக்கிறது.

மறுநாள் காலையில் கே.கே. நகருக்குப் போனேன். வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. கட்சிக்காரர் வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்பதும் என் சீனியர் சொன்னதுதான். அதையும் அன்று விட்டேன்.

அத்தை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு. மகேஸ்வரி, "இவங்கதான் அத்தே வக்கீலம்மா" என்றார். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நடந்தது அத்தனையும் என் தவறு என்று சொல்லத் தொடங்கினேன். அந்த அம்மா இடது கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். மூன்று நாளாகப் பேசாத வாய். குழறித்தான் வந்தது, ஆனாலும் புரிந்தது.

"அந்தக் கடுதாசில, இவ நங்கநல்லூர்ல கீறான்னு எழுதினது நீயா?"

"ஆமாம்மா."

"இவ அங்க பூடுவாளா?"

நான் மகேஸ்வரியைப் பார்த்தேன். அவர் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரியறதுன்னா பிரியட்டும். எனக்குத் தெரியாதா? பன்னெண்டு வருசமா ஒரே வூட்ல பாத்துக்கினுதான கீறேன். நான் பண்ண தப்பு அது. வெளில கட்டிக் குடுத்தா இவ பூடுவாளேன்னு, என் புள்ளைக்கே கட்டி வெச்சேன். கட்டி வெச்சும் நீ இவள அனுப்பறியே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விவாகரத்து என்ற சொல்லைக் கேட்டு அவர் சாப்பாட்டை நிறுத்தவில்லை. நான் எழுதிய முகவரியைக் கேட்டு நிறுத்தியிருக்கிறார். வளர்த்த பெண்ணுக்கு வீடு நங்கநல்லூர் என்று கோர்ட்டு மனுவிலேயே எழுதியிருக்கிறதே, படித்தவர்கள் எழுதியதாயிற்றே, அப்படியானால் போகத்தான் போகிறாள் என்று நம்பிவிட்டார்.

"நான் எங்கயும் போகல அத்தே" என்று மகேஸ்வரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "இவருதான் போறாரு. வடபழனியில ஃப்ரெண்டு ரூம் கீது. நீங்க ஒத்துக்கிட்டா நான் உங்ககூடவே கீறேன். ரொம்ப நாளா இதான் கேக்கணும்னு. எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

"இத்தைக் கேக்கறதுக்கு வக்கீலா?" என்றார் அத்தை.

லோகநாதன் சமையலறை வாசலில் நின்று சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். மகேஸ்வரி எழுந்து போய்க் கஞ்சி கொண்டுவந்தார். அத்தை வாயைத் திறந்தார்.

ஒன்று கவனித்தீர்களா? "பிரிந்த பிறகு யார் எங்கே இருப்பீர்கள்?" என்ற ஒரு கேள்வியை முதல் நாளே என் ஆபீசில் கேட்டிருந்தால், இத்தனையும் நடந்திருக்காது. நான் கேட்கவில்லை. குழந்தை இருந்தால் கேட்டிருப்பேன், அதற்கு மனுவில் ஒரு பத்தி உண்டு. மாமியாருக்குப் பத்தி கிடையாது. ஆகவே, வக்கீல் வேணுமா என்று இனி யாராவது உங்களைக் கேட்டால், வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். மனு எழுத நீங்கள் வேண்டாம், நின்று பேசவும் வேண்டாம். அவர்கள் ஒருவரையொருவர் கேட்கத் தயங்குவதை எடுத்துக் கேட்க முடியுமானால் மட்டும், "உட்காருங்க" என்று சொல்லுங்கள். சிரமமான வேலை அது. எனக்கு அது வருவதற்கு முப்பது வருடம் ஆனது.

புது மனுவை அவர்களே எழுதினார்கள். லோகநாதன் கைப்பட ஒன்றரைப் பக்கம் எழுதினார். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், கணவன் மனைவியாக இல்லை, அம்மாவின் பெயரில் இருக்கும் வீட்டில் அம்மாவும் மகேஸ்வரியும் தொடர்ந்து இருப்பார்கள், நான் வெளியே போகிறேன். கோர்ட்டுக்கு எந்த வடிவத்தில் வேண்டுமோ அந்த வடிவத்தில் அடித்துக் கொடுத்தேன், ஒரு வார்த்தையை மாற்றவில்லை. விசாரணை அன்று அதே நீதிபதி, "உங்க வக்கீல் எங்க?" என்றார். "பின்னாடி குந்தினு கீறாங்க சார். இந்த தபா நாங்களே பேசறோம்னு சொல்லிட்டோம்" என்றார் லோகநாதன். நீதிபதி என்னைத் தேடிப் பார்த்து, மனுவைப் படித்தார். படித்து முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்துத் தீர்ப்பு. அன்று அத்தையும் வருவேன் என்று அடம் பிடித்து, ஆட்டோவில் கூட்டிவந்திருந்தார்கள். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள், நான் அவருக்குத் துணையாக இருந்தேன். அந்தத் தாழ்வாரத்தை உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பெண் வீட்டார், இன்னொரு பக்கம் பிள்ளை வீட்டார், நடுவில் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். பத்து நிமிடத்தில் இருவரும் வெளியே வந்தார்கள்.

"முடிஞ்சுது அத்தே" என்றார் மகேஸ்வரி.

அத்தை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார். மகேஸ்வரி பிடித்து எழுப்பி, தோளில் சாய்த்துக்கொண்டார். லோகநாதன் கைத்தடியை எடுத்துக் கொடுக்க வந்தார். அதை மகேஸ்வரியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, அந்த அம்மா மகனின் கன்னத்தைத் தொட்டார்.

"நீ ஞாயித்துக்கிழமைல வந்து சாப்ட்டுப் போடா" என்று சொல்லிவிட்டு, மருமகளோடு வீட்டுக்குக் கிளம்பினார்.